கிஃப்ட் என்று நான்தான் படித்தேன்

வசந்தி கரும்பலகையில் நான்கு எழுத்துகளை எழுதிவிட்டுத் திரும்பினாள். ஜி, ஐ, எஃப், டி.

"இதுக்கு என்ன அர்த்தம்? எஸ்தர், நீங்க சொல்லுங்க."

சனிக்கிழமை மத்தியானம். நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டின் கூடம். காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தரும் மின்விசிறி. நாங்கள் ஒன்பது பேர் வாரத்துக்கு ஒரு நாள் அங்கே ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தோம். சொல்லித்தந்த வசந்தி என்னைவிட இரண்டு வயது சின்னவள்.

"பரிசு" என்றேன். இதையெல்லாமா கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டே.

வசந்தி சிரித்தாள். "எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. இங்கிலீஷ்ல பரிசு. ஜெர்மன்ல விஷம். அங்கே ஒரு டப்பா மேல இப்படிப் போட்டிருந்தா, தொடாதேன்னு அர்த்தம்."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீல நிற டிரம் ஒன்று கண்முன் வந்து நின்றது. மூடி போட்ட, இடுப்பு உயர பிளாஸ்டிக் டிரம். அதன் வயிற்றில் ஒட்டியிருந்த காகிதம். அதில் அச்சாகியிருந்த அதே நான்கு எழுத்துகள்.

நோட்டை மூடிவிட்டு எழுந்தேன்.

"என்ன எஸ்தர், எங்கே கிளம்பிட்டீங்க?"

"பம்மலுக்கு" என்றேன். படியில் இறங்கும்போது ஒரு செருப்பு கழன்றது. அதைக் கையில் எடுத்துக்கொண்டே தெருவரைக்கும் போய்விட்டேன்.

ஐநூறு ஆட்டுத்தோலாக விரும்பியவர்

நான் ஏன் ஜெர்மன் படிக்கப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தாம்பரத்தில் தட்டச்சு ஹையர் முடித்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதற்கப்புறம் பம்மலில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் ஏற்றுமதிக் கடிதங்கள் அடிக்கும் வேலை கிடைத்தது. முதல் வாரம் முழுக்க மூக்கில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வாரம் அந்த வாடை தெரியவில்லை. வீட்டில்தான் தெரிந்தது. நான் உள்ளே நுழைந்ததும் தங்கை ஜன்னலைத் திறந்துவிடுவாள்.

எங்களிடம் தோல் வாங்கியவர்களில் ஒருவர் ஜெர்மன்காரர். ஆங்கிலத்தில்தான் எழுதுவார். ஒருமுறை அவர் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "என்னம்மா இது? இந்த ஆளு ஐநூறு ஆட்டுத்தோலா மாற விரும்புறேன்னு எழுதியிருக்கான்!"

ஆமாம், அப்படித்தான் எழுதியிருந்தது. 'பிகம்' என்று போட்டிருந்தார். அவர் மொழியில் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பில் ஒரு சொல் உண்டு. அதற்குப் 'பெறுவது' என்று பொருள். பாவம், அவருக்குத் தோல்தான் வேண்டியிருந்தது. ஆபீஸ் முழுக்க ஒரு வாரம் அதே பேச்சு. தோல் அலசும் ஆட்கள்கூட ஒருவரையொருவர் "இன்னாபா, இன்னிக்கு ஆடாயிட்டியா?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் அந்தக் கடிதம் மனசைவிட்டுப் போகவில்லை. ஒரு சொல் எல்லையைத் தாண்டினால் வேறு ஆளாகிவிடுகிறதே என்று. எனக்கும் எங்காவது எல்லையைத் தாண்ட வேண்டும் போலிருந்த வயசு அது. இருபத்தாறு முடிந்திருந்தது. எதிலும் நிலைகொள்ளவில்லை. வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

நீல டிரம்

பூங்காவனம் அக்கா எங்கள் கம்பெனியில் தோல் அலசும் இடத்தில் வேலை பார்த்தவர். நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. செல்வி என்று ஒரே மகள். அந்த ஆவணியில் செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பீர்க்கன்கரணை, ஏரிப் பக்கம்.

தண்ணீர்ப் பஞ்சம் உச்சத்தில் இருந்த வருஷம். பம்மலில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. லாரி வந்தால் குடமும் தவலையுமாகத் தெருவே ஓடும். மூடி போட்ட பெரிய டிரம் ஒன்று வீட்டில் இருந்தால் அது பீரோவைவிடப் பெரிய சொத்து. கம்பெனியில் மருந்து காலியான டிரம்முக்கு எப்போதும் அடிபிடி.

தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு புது மருந்தை அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார்கள். நான்கு டிரம். முதல் டிரம் காலியானதும் பூங்காவனம் அக்கா கேட்டு வாங்கிவிட்டார். அதை உருட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலைத் தாண்டியவர், என்னைப் பார்த்ததும் நின்றார்.

"எஸ்தரம்மா, இதுல இன்னாமோ எழுதிக்கீதே. இன்னான்னு பார்த்துச் சொல்லு."

காகிதத்தின் பாதியின்மேல் துறைமுகத்துச் சீட்டு ஒட்டியிருந்தது. கீழே இருந்ததெல்லாம் புரியாத நீளச் சொற்கள். அப்போது நான் ஜெர்மனில் ஒன்று முதல் நூறு வரைதான் எண்ணப் பழகியிருந்தேன். ஆனால் நடுவில் தடித்த எழுத்தில் இருந்த ஒரு சொல் எனக்குத் தெரிந்ததுபோல் இருந்தது.

"கிஃப்ட்னு போட்டிருக்குக்கா. பரிசு. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு வெள்ளைக்காரனே அனுப்பியிருக்கான், எடுத்துட்டுப் போங்க" என்றேன். பெரிய நகைச்சுவை சொல்லிவிட்ட சந்தோஷம் எனக்கு.

அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "அய்ய, நெசமாவா?" என்று அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். காகிதம் கிழியாமல் இருக்க டிரம்மை உருட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையில் தூக்கிக்கொண்டார்.

பல்லாவரம் வரை

நுங்கம்பாக்கத்திலிருந்து பல்லாவரத்துக்கு மின்சார ரயிலில் எத்தனை நேரம் என்று அதற்கு முன் நான் கணக்குப் பார்த்ததில்லை. அன்று ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி வேண்டுமென்றே நிற்பதுபோல் இருந்தது. உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. கதவுப் பக்கம் போனேன், திரும்பி வந்தேன். கிண்டியில் ஏறிய ஒரு அம்மா, "இன்னாம்மா, எதுனா தொலைச்சிட்டியா?" என்று சீட்டுக்கு அடியில் குனிந்தே பார்த்துவிட்டார்.

கல்யாணம் முடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. டிரம்மைச் சீரோடு அனுப்பினார்களா, வீட்டிலேயே வைத்துக்கொண்டார்களா? கழுவியிருப்பார்கள். கழுவினால் போய்விடுமா? வசந்தியின் பேச்சு தவறாகக்கூட இருக்கலாம். அவளும் என்னைவிடச் சின்னப் பெண்தானே. இப்படி மாறி மாறி.

பல்லாவரத்தில் பஸ் வரவில்லை. பாதித் தூரம் நடந்தேன், மீதி தூரம் ஒரு தோல் வண்டியில் ஏறிக்கொண்டேன். பூங்காவனம் அக்கா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார். நான் முதலில் அவர் முதுகுக்குப் பின்னால்தான் பார்த்தேன். இரண்டு குடம், ஒரு தகர டின். டிரம் இல்லை.

"அக்கா, அந்த டிரம் எங்கே?"

"செல்வி வூட்டுக்குக் குடுத்துட்டேனே. சீரு சாமானோட அதான் முன்னாடி போச்சு. ஏம்மா, இப்டி வேர்த்துக் கொட்டுது உனக்கு?"

சொன்னேன். நான் படித்தது தப்பு. அது பரிசு இல்லை. விஷம் என்று எழுதியிருக்கிறது.

அவர் கையிலிருந்த துணியைக் கீழே போடவில்லை. பிழிந்து முடித்தார். உதறிக் கொடியில் போட்டார்.

"எனக்குத் தெரியும்மா. மோந்து பார்த்தேன், மருந்து வாடை அடிச்சுது. சாம்பலு போட்டு, புளி போட்டு, மூணு நாளு வெயில்ல வெச்சேன். அப்பயும் போவல. வேணாம்னுதான் நெனச்சேன். ஆனா நீ படிச்ச பொண்ணு, பரிசுன்னு சொன்னியே. நமக்கு இன்னா தெரியும்னு வுட்டுட்டேன்."

அதற்கப்புறம் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். இது திட்டே இல்லை. ஆனால் இதுதான் இன்னும் உள்ளே கிடக்கிறது.

நல்ல செய்தி

இருவரும் பீர்க்கன்கரணை போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்து ஏரிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. ஏரியில் தண்ணீர் நடுவில் மட்டும்தான். மாடுகள் சேற்றில் நின்றன.

செல்வியின் மாமியார் ராஜம்மா வாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டார். ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம். இப்போது இரண்டு மாடும் வீடும்தான் மிச்சம். அந்த அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"வா சம்பந்தி, வா! நானே ஆள் அனுப்பணும்னு இருந்தேன். சேதி அதுக்குள்ள காத்துல வந்துடுச்சா?" என்று பூங்காவனம் அக்காவின் கையில் கற்கண்டைத் திணித்தார். "நாலு நாளா ஒரே வாந்தி. சோத்தைக் கண்டாலே ஆவல உன் பொண்ணுக்கு."

அக்கா கற்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இருவரும் அந்த அம்மாவைத் தாண்டிப் பின்கட்டுக்கு ஓடினோம்.

டிரம் சமையல்கட்டு ஓரமாக ஒரு கல்மேல் நின்றது. மூடியைச் சுற்றி மஞ்சள் கயிறு. காகிதம் அப்படியே இருந்தது. பக்கத்தில் செல்வி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. குடிக்கவும் சமைக்கவும் வீட்டாருக்குத் தனியாகப் பானையில் தண்ணீர் வைத்தார்கள். தேய்ப்பது, துவைப்பது, குளிப்பது, அவசரத்துக்கு ஒரு சொம்பு மொண்டு குடிப்பது, அவளுக்கு எல்லாம் இந்த டிரம்தான்.

நான் டிரம்மைச் சாய்த்தேன். தண்ணீர் முற்றத்தில் ஓடியது.

"அடிப்பாவி! தண்ணிய கொட்றியே!" ராஜம்மா அலறினார். அந்த வருஷம் அதைவிடப் பெரிய அக்கிரமம் வேறு இல்லை. "யாரு இவ? இன்னா பண்றா?"

நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒவ்வொன்றாக அணைந்தது. கடைசியில் கேட்டார், "அப்ப அந்த வாந்தி?"

ராஜம்மா அக்காவின் கையிலிருந்த கற்கண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கே செல்வியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கர்ப்பம் இல்லை என்றார்கள். அந்தத் தண்ணீரைத் தொடாமல் இருந்தால் சரியாகிவிடும், நாளாகும் என்றார்கள். அவளைப் பம்மலுக்கே கூட்டி வந்தோம்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் நின்றேன். "லேபிள் படிக்கச் சொல்லி உன்னை யாரும்மா கேட்டது?" என்றார். மீதி மூன்று டிரம்மிலும் சிவப்புப் பெயின்ட்டால் 'விஷம்' என்று தமிழில் எழுதிவிட்டுத்தான் அன்று நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பார்த்தார். அழிக்கச் சொல்லவில்லை.

கொடுத்தது

அந்த வாரமே பீர்க்கன்கரணையிலிருந்து சேதி வந்தது. சீரில் விஷத்தை வைத்து அனுப்பியவள் மகள் எங்களுக்கு வேண்டாம். தெரியாமல் நடந்தது என்றால் யார் நம்புவார்கள்? பரிசுக்கும் விஷத்துக்கும் ஒரே பேர் எந்த ஊரில் இருக்கிறது?

நியாயமான கேள்விதான். எனக்கே பதில் தெரியாது. வசந்தியின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் மூன்று அகராதியை விரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பீர்க்கன்கரணையில் அவர்கள் உறவுக்காரர் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வியின் மாமனார் கன்னியப்பன் கயிற்றுக் கட்டிலில். மாப்பிள்ளை மூர்த்தி தூணோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அக்காவும் செல்வியும் தரையில். நான் நடுவில் ஒரு அகராதியோடு.

"தப்பு என்னோடது" என்று ஆரம்பித்தேன். "அக்கா எழுத்துப் படிக்கலை. நான் படிச்சேன். தப்பாப் படிச்சேன்."

"அது சரி. ஒரே வார்த்தை எப்டிம்மா ரெண்டு அர்த்தம் ஆவும்?" என்றார் கன்னியப்பன்.

"ரெண்டு இல்லீங்க, இன்னும் இருக்கு" என்றேன். காகிதத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு ஆதியில் 'கொடுத்தது' என்று மட்டும்தான் பொருள். இங்கிலீஷ்காரன் பிரியமாகக் கொடுத்ததை அப்படிச் சொன்னான். ஹாலந்தில் இன்றைக்கும் நன்கொடைக்கு அதுதான் பேர். ஜெர்மன்காரன் வைத்தியர் அளந்து கொடுத்ததை அப்படிச் சொன்னான். கிரேக்க மொழியில் மருந்தின் அளவுக்கே 'கொடுப்பது' என்றுதான் பேர், அதைப் பார்த்துச் சொன்னது. பிறகு விஷத்தை விஷம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசி, அதையும் 'கொடுத்தது' என்றே சொல்லப்போய், கடைசியில் அந்த அர்த்தம் மட்டும் நின்றுவிட்டது. ஆனால் அதே ஜெர்மனில், பெண்ணோடு சேர்த்து அனுப்பும் சீருக்கான சொல்லிலும் இந்தச் சொல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்வீடன் பக்கம் போனால் விஷத்துக்கும் அதே பேர். கல்யாணம் ஆனவரையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள், கொடுக்கப்பட்டவர் என்பதால்.

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். "கல்யாணமும் விஷமும் ஒண்ணுதான்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்கு."

வேறு யாரும் சிரிக்கவில்லை. கன்னியப்பன் என் கையிலிருந்த அகராதியை வாங்கி, புரியாத எழுத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பொஸ்தகத்துல இன்னா வேணா எழுதுவான்" என்றார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ராஜம்மாவின் குரல் வந்தது. "இதுல இன்னா அதிசயம்? நாம சொல்லலியா? பக்கத்துத் தெரு மணி செத்தப்ப, மருந்தைக் குடிச்சிட்டான்னுதானே சொன்னோம். விஷத்தைக் குடிச்சிட்டான்னா சொன்னோம்? மருந்துன்னா வைத்தியம், மருந்துன்னா விஷம். ரெண்டுக்கும் ஒரே பேரு."

நான் அந்த ஒரு பக்கத்தைத் தேடி எழுத ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. அந்த அம்மா கதவுக்குப் பின்னாலிருந்தே முடித்துவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். கன்னியப்பன் அகராதியைத் திருப்பித் தந்தார். தெரியாமல் நடந்ததுதான், பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு திரும்பியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் செல்வி.

"எந்தெந்த ஊர்ல இன்னா அர்த்தம்னு எல்லாம் பேசிட்டீங்க. எனக்குக் கை எரியுதுன்னு சொன்னேன். தண்ணி நாறுதுன்னு சொன்னேன். பத்து நாளா சொன்னேன். தமிழ்லதானே சொன்னேன்? யாருக்குனா அர்த்தமாச்சா?"

மூர்த்தி தலையை இன்னும் குனிந்தான். கன்னியப்பன் கட்டிலின் கயிற்றைத் தடவினார். என் மடியில் அகராதி கனத்தது.

"கை ஆறட்டும். அப்புறம் வர்றேன்" என்று எழுந்தாள். அவள் நடக்க, பூங்காவனம் அக்காவும் நானும் பின்னால் போனோம்.

வெள்ளிக்கிழமைகள்

எனக்கு அதன்பிறகு பம்மலில் இருப்பே கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். செல்வி கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். உட்காரச் சொல்வாள். உட்காருவேன். உட்கார முடியாமல் எழுந்துவிடுவேன்.

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, ராஜம்மா தனியாக வந்து வாசலில் நின்றார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு பை. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"செல்வி, கை எப்டிக் கீது?"

செல்வி இரண்டு கையையும் நீட்டினாள். அந்த அம்மா வெளிச்சம் படும்படி திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வர்றியா?"

"இன்னும் ஒரு வாரம் ஆவட்டும்" என்றாள் செல்வி.

"சரி" என்றார் ராஜம்மா. பையிலிருந்து பாதாம் எண்ணெய் பாட்டிலை எடுத்து வாசற்படியில் வைத்துவிட்டு, வந்த வழியே பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும். நான்காவது முறை அவர் வந்து நின்றபோது, செல்வி ஏற்கெனவே பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள்.